ஹாலில் கடல், கேபினட்டில் கரன்ட்!

தரையில் கிடந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. அதுவரை வாஷிங் மெஷின் குழாய்தான் கழன்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார் பெருங்குடி நண்பர். மே மாதம், இரவு ஒன்றரை மணி. கரன்ட் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் ஹாலுக்குப் போனால், கடல் மீனும் பவளமும் வளரும் நாலடி நீள ரீஃப் டேங்க் தன் இடத்தில் கம்பீரமாக நிற்கிறது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. கீழே கேபினட் கதவின் இடுக்கிலிருந்து மட்டும் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்து, சோபாவைத் தாண்டி, பூஜை அலமாரி வரைக்கும் போயிருந்தது.

“என் வொய்ஃப் கேட்ட முதல் கேள்வி, ‘கீழ் வீட்டு சீலிங்ல இறங்கிடுச்சா?’ நான் கேட்டது, ‘மீனெல்லாம் உசுரோட இருக்கா?’ ரெண்டு பேருமே தப்பான கேள்வி கேட்டோம் சார்” என்கிறார்.

சரியான கேள்வி எது என்று அப்புறம் வருகிறேன்.

எனக்கு அலுவலகத்தில் கொடுத்த தலைப்பு வேறு: ‘வீட்டுக்குள் வெடிக்கும் கடல்’. பெர்லின் நகரத்தில் 2022 டிசம்பர் 16-ம் தேதி விடியற்காலையில், ஒரு ஹோட்டல் லாபியில் இருந்த உருளை வடிவ மீன் தொட்டி வெடித்து, 10 லட்சம் லிட்டர் உப்புத்தண்ணீர் தெருவுக்கு வந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுமார் 1,500 மீன்களில் அநேகமாக எல்லாமே போயின. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்பதால் மனிதர்களில் இரண்டு பேருக்குக் காயத்தோடு போயிற்று. இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட விசாரணை செய்தவர்களாலும் முடியவில்லை. இப்படி ஒன்று சென்னையில் நடந்திருக்கிறதா என்று தேடிக் கிளம்பினேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் சொட்டுதான். ஆனால் சொட்டு, வெடிப்பைவிடச் சுவாரஸ்யமானது என்று இரண்டு வாரத்தில் புரிந்துகொண்டேன்.

கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசைகட்டும் பகுதிக்குப் பின்னால், ஒரு தகர ஷெட்டில் டேங்க் ஒட்டுகிறார் அந்த அண்ணன். பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பேசினார். “டேங்க் லீக்குன்னு நைட்டு போன் வரும். ‘அண்ணே, நீ ஒட்டுனது புட்டுக்கிச்சு’ம்பாங்க. போய்ப் பாத்தா பாதிக்கு மேல கண்ணாடி சிவனேன்னு இருக்கும். அத்தனையும் சம்ப் பண்ற வேலை.”

சம்ப் என்பது டேங்குக்குக் கீழே, கேபினட்டுக்குள் இருக்கும் தொட்டி. அங்கிருந்துதான் ரிட்டர்ன் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். பெருங்குடியிலும் அதுதான் வேலையைக் காட்டியது. கணக்கைப் பாருங்கள். டேங்க் நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். நிரப்பினால் 450 லிட்டர். இந்த அளவுத் தொட்டியில் தண்ணீர் ஒரே ஒரு அங்குலம் இறங்கினால் கிட்டத்தட்ட 19 லிட்டர். கரன்ட் போனதும் ரிட்டர்ன் மோட்டார் நின்றுவிடும். மேலே ஏற்றிய குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பிக் கீழே இறங்க ஆரம்பிக்கும். குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அவ்வளவும் இறங்கித்தான் ஓயும். இதற்காகத்தான் அந்தக் குழாயில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்ன ஓட்டை போட்டு வைப்பார்கள். மட்டம் ஓட்டைக்கு வந்ததும் குழாய் காற்றை இழுக்கும், சைஃபன் அறுந்துவிடும். நண்பர் வீட்டுக் குழாயிலும் ஓட்டை இருந்தது. அதன் மேல் சுண்டைக்காய் அளவு நத்தை ஒன்று உட்கார்ந்திருந்தது.

குழாய் வாய் நான்கு அங்குல ஆழத்தில். ஆக 76 லிட்டர். சம்ப்பில் காலியாக இருந்த இடம் 40 லிட்டர். மீதியை வீடு வாங்கிக்கொண்டது.

“நத்தையத் திட்டி என்ன பண்றது?” என்று சிரிக்கிறார் கொளத்தூர் அண்ணன். “டேங்க் ஓட ஆரம்பிச்ச அன்னிக்கே மெயினை ஆஃப் பண்ணிப் பாக்கணும். மேல இருந்து வர்ற தண்ணி பூரா வந்து நின்னப்புறமும் சம்ப் விளிம்புக்குக் கீழ ரெண்டு அங்குலம் இருக்கணும். அப்படி வெச்சுட்டு மோட்டாரைப் போட்டா, ஓடறப்ப தண்ணி எங்க நிக்குதோ, அங்க மார்க்கர்ல கோடு. அந்தக் கோட்டுக்கு மேல எவன் கேட்டாலும் தண்ணி ஊத்தாத. சொல்லித்தான் அனுப்புறேன். யாரு கோடு போடறா?” நான்-ரிட்டர்ன் வால்வ் மாட்டிவிட்டால் போதாதா என்று கேட்டேன். கடல் தண்ணீரில் அதற்குள்ளும் சுண்ணாம்பு படியும், ஒரு நாள் வாய் மூடாது என்றார். அதை மட்டும் நம்பி ஓட்டை போடாமல் விட்டவர்களின் வீடுகளுக்கும் இவர் மாப்போடு போயிருக்கிறார்.

நிஜமான கசிவு வேறு ஜாதி. அது ராத்திரியில் வந்து அலறாது. ஒரு வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு நாலேகால் லிட்டர் சொச்சம். ஏ.சி. ஓடும் ஹாலில், மேலே ஃபேன் சுற்றும் திறந்த தொட்டியில், ஆவியாகப் போவதும் சில லிட்டர்தான். எது ஆவி, எது கசிவு என்று கண்ணால் சொல்ல முடியாது. அதிலும் இப்போது எல்லோரும் ஆட்டோ டாப்-அப் மாட்டிவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் சென்சார் பார்த்து, பக்கத்து டப்பாவிலிருந்து ஆர்.ஓ. தண்ணீரை அதுவே ஊற்றிவிடும். எஜமானருக்கு நீர்மட்டம் எப்போதும் ஒரே இடத்தில் தெரியும். நிம்மதியாகத் தூங்குவார்.

இங்கேதான் உப்பு துப்பறிகிறது. ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதை நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்டினால் கணக்கு சரி. கசியும்போது உப்பும் சேர்ந்து வெளியே போகிறது. அதற்குப் பதிலாக இந்த மெஷின் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், தொட்டி நாளுக்கு நாள் சப்பென்று ஆகும். 450 லிட்டரில் தினம் நாலேகால் லிட்டர் என்பது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. ஆயிரத்துக்கு 35 என்று இருக்க வேண்டிய உப்பு, பத்து நாளில் 32-க்குப் பக்கத்தில் வந்துவிடும். மென்பவளங்கள் சுருங்கி, தலையைத் தொங்கப்போடும். எஜமானர் விளக்கை மாற்றுவார், மருந்து ஊற்றுவார், ஃபோட்டோ எடுத்து நாலு பேரிடம் காட்டுவார். கேபினட்டுக்குள் தலையை விட்டுப் பார்க்க மாட்டார். ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பு தொடர்ந்து இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தரையை.

நல்ல தண்ணீர்த் தொட்டி கசிந்தால் காய்ந்ததும் தடயம் போய்விடும். கடல் தொட்டி அப்படி இல்லை, தான் போன வழியெல்லாம் வெள்ளையாகக் கோலம் போட்டுவிட்டுத்தான் போகும். மூலையில், பைப் ஜாயின்ட்டில், அடிக் கண்ணாடிக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா? துடைத்துவிட்டு, அங்கே நியூஸ் பேப்பர் ஒரு துண்டு செருகிவிட்டு, மறுநாள் பாருங்கள். பேப்பர் நனைந்திருந்தால் கொளத்தூருக்கு போன் போடலாம். காய்ந்திருந்தால், அது மேலே தெறித்து வழிந்த உப்பு.

கண்ணாடி ஒட்டு ஏன் விடுகிறது என்பதற்கு அண்ணன் வரிசையாகக் காரணம் சொன்னார். பாசி சுரண்டும் பிளேடு மூலையில் சிலிக்கானைக் கிழித்துவிடுவது ஒன்று. எனக்குப் பிடித்தது இன்னொன்று. தொட்டி மட்டமாகத்தான் உட்கார்ந்திருக்கும். மூன்று வருடமாக சம்ப்பிலிருந்து தெறிக்கும் ஈரத்தில் கேபினட்டின் ஒரு கால் மட்டும் ஊறி உப்பும். ஒரு பக்கம் ஒரு நூல் தூக்கும். தண்ணீரோடும் கல்லோடும் அறுநூறு கிலோவைத் தொடும் பெட்டி அது. அந்த ஒரு நூலுக்கு முறுக்கிக்கொண்டு, மூலை ஒட்டைப் பிய்க்கும். “டேங்க் விலைக்கு மூணு மணி நேரம் பேரம் பேசுறவங்க, கேபினட்டை ஆன்லைன்ல இருக்குறதுலயே சீப்பா வாங்கி வெப்பாங்க” என்கிறார். அந்த அறுநூறு கிலோ உட்காருவது எட்டுச் சதுர அடியில். நம் வீட்டுத் தளங்களுக்குக் கணக்குப் போடும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றுதான் போடுகிறார்கள். சுவரோரமாக, பீம் போகிற இடமாகப் பார்த்து வைக்கச் சொல்வது வாஸ்துவுக்காக அல்ல.

ஒட்டு விட்டால் வெளியிலிருந்து சிலிக்கான் அப்பிப் பயனில்லை. பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கான் பிடிக்காது. தண்ணீரை இறைத்து, பழசைத் துளி மிச்சமில்லாமல் பிளேடால் எடுத்து, அசிட்டோன் போட்டுத் துடைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் போட வேண்டும். பாத்ரூமுக்கு என்று விற்கும் பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் கூடவே கூடாது, அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு விஷம். போட்ட பிறகு அண்ணன் ஏழு நாள் தொட விட மாட்டார். அப்புறம் மொட்டை மாடியில் வெறும் தண்ணீர் நிரப்பி மூன்று நாள். ஆக, பத்து நாள்.

அந்தப் பத்து நாளும் தொட்டிக்குள் இருக்கும் குடும்பம் எங்கே போகும்? பெருங்குடி நண்பர் வீட்டில் நல்லவேளையாகக் கண்ணாடி தப்பியதால் இந்தப் பிரச்னை வரவில்லை. மூலை விட்டுப்போன வளசரவாக்கம் வீடு ஒன்றைப் பற்றி அண்ணன் சொன்னார். ராத்திரி பதினொரு மணிக்குப் புதுக் கடல் தண்ணீருக்கு எங்கே போவது? உப்பைக் கரைத்துத் தெளிய விடவே ஒரு நாள் ஆகும். அதனால் தரைக்குப் போவதற்கு முன்னால் தொட்டித் தண்ணீரையே காப்பாற்ற வேண்டும். அந்த வீட்டில் தெருவில் இருந்த அத்தனை 20 லிட்டர் கேன்களையும் கேட்டு வாங்கி, ஹோஸ் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். கற்களை ஒரு நீல டிரம்மில் போட்டு, தண்ணீரைச் சுற்றிவிட ஒரு சின்ன மோட்டார். தொட்டியைக் காப்பாற்றுகிற பாக்டீரியாவெல்லாம் அந்தக் கற்களில்தான் குடியிருக்கிறது. கல் காய்ந்தால், தொட்டி மறுபடி முதலிலிருந்து. மீன்கள் இன்னொரு டிரம்மில், ஏர் ஸ்டோனோடு. அனிமோன் கல்லை விட்டு வராது, பிய்க்கக் கூடாது, கல்லோடு தூக்க வேண்டும். மணலை மட்டும் அண்ணன் திரும்பப் போட விடவில்லை. வருடக்கணக்கில் அடியில் தேங்கியதைக் கலக்கித் திரும்ப ஊற்றினால், கசிவில் தப்பிய மீன் அதில் போய்விடும். கையுறை போட்டாரா என்று கேட்டேன். “பட்டன் மாதிரி பூத்திருக்குமே, அந்தப் பாலிப் கல்லுல இருந்தா போடுவேன். சில ஜாதியில விஷம் இருக்கு. கையில வெட்டு இருந்தா ஏறிடும். கல்லைக் கழுவுறேன்னு வெந்நீர்ல போடவே கூடாது. அந்த ஆவியே ஆளைப் படுக்க வெச்சிடும்.”

இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம், பவளம் கடலில் இருக்கட்டும் என்பவர்கள் உண்டு. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நான் பார்த்த வீடுகளில் இருந்தவை மென்பவளங்களும் காளான் பவளங்களும்தான். அந்த விவாதம் தனிக் கட்டுரைக்கு உரியது.

இப்போது அந்தச் சரியான கேள்விக்கு வருகிறேன். சொல்லப்போனால் இந்தக் கட்டுரையை நான் எழுத ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான். கேபினட்டுக்குள் ஸ்பைக் பஸ்டர் எங்கே இருக்கிறது?

நான் போன ஏழு வீடுகளில் ஐந்தில் அது கேபினட்டின் தரைப்பலகையில், சம்ப்புக்குப் பக்கத்தில், மல்லாக்கப் படுத்திருந்தது. ஸ்கிம்மர், ரிட்டர்ன் மோட்டார், வேவ்மேக்கர், டாப்-அப், லைட், டோசிங் பம்ப் எல்லாமே அதில்தான் செருகியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் பத்து ப்ளக். சில ப்ளக்குகளின் காலில் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்றில் பித்தளை அப்படித்தான் பூக்கும். மழைக்காலத்தில் நம் சமையலறை உப்பு ஜாடி தானாகவே நசநசக்கிறதே, அதே விஷயம்தான் ப்ளக் பாயின்ட்டுக்குள்ளும் நடக்கிறது. தெறித்த கடல் தண்ணீர் காய்ந்து உப்பாகும். அந்த உப்பு சென்னைக் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நனையும். நனைந்த உப்பு வழியாக மெல்லக் கரன்ட் ஊரும், சூடேறும், பிளாஸ்டிக் கருகும். கடல் தண்ணீர் நம் குழாய்த் தண்ணீரைவிடச் சுமார் நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அந்தத் தண்ணீர் டைல்ஸ் தரையில் பரவிக் கிடக்க, வெறுங்காலோடு, கையில் மாப்போடு நாம் குனிகிறோம்.

“கரன்ட்தான் போயிடுச்சே சார்” என்றார் பெருங்குடி நண்பர் என்னிடம், ரொம்பச் சாதாரணமாக. அன்றைக்கு அவரும் அப்படி நினைத்துத்தான் கேபினட்டைத் திறந்து கையை விட்டிருக்கிறார். தெரு முழுக்க இருட்டு. ஆனால் தொட்டிக்குள் வேவ்மேக்கர் உறுமிக்கொண்டிருந்தது. கரன்ட் போனால் மீன் மூச்சுத் திணறக் கூடாது என்று வேவ்மேக்கருக்கும் ஏர் பம்ப்புக்கும் அவரே ஆசையாக இன்வெர்ட்டர் லைன் இழுத்துக் கொடுத்திருந்தார். அந்த ப்ளக் பாயின்ட் தண்ணீரிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. இரண்டு விரல். உறுமல் காதில் விழுந்ததால் கையை எடுத்தார்.

ஊரே இருட்டாக இருக்கும்போதும் அந்த ஒரு பலகையில் 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும் வீடுகள் இந்த நகரத்தில் எத்தனை என்று யோசிக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு மீனே கண்ணில் படுவதில்லை. போகிற வீட்டிலெல்லாம் குனிந்து வயரைப் பார்க்கிறேன். எம்.சி.பி. இருக்கிறது, டிரிப் ஆகிவிடும் என்கிறார்கள். ஆகாது. எம்.சி.பி. வயரைக் காப்பாற்ற வந்தது. 16 ஆம்பியருக்கு மேல் இழுத்தால்தான் அதற்கு உறைக்கும். ஆளைச் சாய்க்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். நமக்கு வேண்டியது ஆர்.சி.சி.பி. போன கரன்ட் அத்தனையும் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வழியில் காணாமல் போனால், கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும்.

ஆர்.சி.சி.பி. உள்ள வீடுகளிலும் இன்னொரு கோளாறு. இன்வெர்ட்டர் நியூட்ரலும் ஈ.பி. நியூட்ரலும் எங்கேயாவது ஒட்டியிருந்தால் அது அடிக்கடி விழும். தொல்லை பொறுக்காமல், இன்வெர்ட்டர் லைனை அதற்கு வெளியே கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதாவது, கரன்ட் போன இருட்டில், தரையில் கடல் கிடக்கும்போது, உயிரோடு இருக்கும் ஒரே லைனுக்குக் காவல் இல்லை. டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழுந்ததும் வேவ்மேக்கர் நிற்காவிட்டால் உங்கள் வீடும் அப்படித்தான்.

அடையாறில் ஒரு மூத்த மெரைன் ஆசாமி இதை ஒப்புக்கொள்ளவில்லை. நாம் ஊருக்குப் போயிருக்கும்போது ஆர்.சி.சி.பி. சும்மா விழுந்தால் அத்தனை மீனும் போய்விடும், அதற்கு யார் பதில் என்றார். இரண்டாகப் பிரித்து, பாதி மோட்டார் ஒன்றில், மீதி இன்னொன்றில் மாட்டினால் தீர்ந்தது. மீனுக்காக மனிதன் ரிஸ்க் எடுக்கலாம் என்று அவர் நினைத்தால், அவர் இஷ்டம்.

தொட்டிக்குள் கை விட்டால், நகக்கண்ணில் வெட்டுக் காயம் இருந்தால், சுர்ரென்கிறது என்று மூன்று வீடுகளில் சொன்னார்கள். மூன்று பேருமே சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பழைய மோட்டாரின் வயர் உறை வெடித்தாலும் அப்படித்தான் இருக்கும். எந்த மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தீர்களா என்றால், பழகிவிட்டது என்கிறார்கள். மீன் நன்றாகத்தானே நீந்துகிறது என்று எதிர்க்கேள்வி வேறு. ஒற்றைக் கம்பியில் காக்கை உட்கார்ந்திருப்பதுபோலத்தான் மீன் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. தரையில் கால் ஊன்றியிருப்பது நாம் மட்டும்தான்.

கசிவு என்று போன் வந்தால் கொளத்தூர் அண்ணன் கேட்கும் முதல் விஷயமும் இதுதான். எந்த மூலை, எத்தனை லிட்டர் என்றெல்லாம் கேட்பதில்லை. “மெயினை ஆஃப் பண்ணு. இன்வெர்ட்டர் இருந்தா அதையும் ஆஃப் பண்ணு. கால்ல ரப்பர் செருப்புப் போடு. பண்ணிட்டுத் திரும்பக் கூப்பிடு” என்று வைத்துவிடுவாராம். மீனுக்கு மூச்சு முட்டாதா? பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும் என்கிறார்.

சென்ற வாரம் மறுபடி பெருங்குடிக்குப் போனேன். கீழ் வீட்டு சீலிங்கில் வரைபடம் மாதிரி ஒரு கறை இருக்கிறதாம், பெயின்ட் செலவு பேச்சுவார்த்தையில் இருக்கிறது. ரிட்டர்ன் குழாயில் ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டிருக்கிறார். ப்ளக் பாயின்ட்டெல்லாம் கேபினட்டை விட்டு வெளியேறி, சுவரில் நெஞ்சு உயரத்தில் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு வயரும் ப்ளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி, வளைந்து, அப்புறம்தான் மேலே ஏறுகிறது. வயரில் இறங்கும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி ஆர்.சி.சி.பி. போட்டாயிற்று.

இன்வெர்ட்டர் பெட்டியின் சுவிட்சுக்கு மேல், மருந்து பாட்டிலில் ஒட்டுகிற மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. அவர் மனைவியின் கையெழுத்தில் சிவப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: ‘மீன் அப்புறம். முதல்ல இது.’